முடியாது என்று சொன்ன மகனுக்கு

அன்புள்ள முகிலா,

நீ அனுப்பிய செய்தியைப் பாசாரில், மீன் கடைக்கு முன்னால் நின்றுகொண்டு படித்தேன். அப்பாவின் முதல் வருடத் திதிக்கு வரப்போவதில்லை என்று எழுதியிருந்தாய். அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி: "அன்னிக்கு நான் பொய் சொல்லியிருக்கணும்மா." மீன்காரர், "ஆன்டி, வெட்டித் தரவா, முழுசா போடவா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மீனையும் வாங்காமல் வீட்டுக்கு வந்து, கைப்பையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். உனக்குப் போன் பண்ணலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் போனில் பேசினால் நான் அழுவேன், நீ "விடும்மா" என்பாய், அதோடு முடிந்துவிடும். அதனால் எழுதுகிறேன்.

இதை உனக்கு மட்டும் அனுப்பப் போவதில்லை. நம் குடும்ப குரூப்பிலும் போடப் போகிறேன். "படிச்ச பிள்ளை, பெத்த அப்பனுக்கு நாள் குறிச்சுக் கொடுத்துட்டான்" என்று பெரிய மாமா எழுதியது அங்கேதான். பிரிக்பீல்ட்ஸிலிருந்தும் ஷா ஆலமிலிருந்தும் நம் ஆட்கள் அதற்குக் கீழே கைகூப்பும் படங்களைப் போட்டதும் அங்கேதான். அன்று நான் ஒரு வார்த்தை எழுதவில்லை. உன் அப்பா பக்கத்து அறையில் படுத்திருந்தார். எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை. இப்போது இருக்கிறது. எல்லாரும் படிக்கட்டும்.

நீ மலேசியாவை விட்டுக் கனடாவுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுக்கப் போன புதிதில் உனக்கும் அப்பாவுக்கும் என்ன பேச்சு இருந்தது என்று நினைத்துப் பார். "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன்பா." "குளிரா?" "குளிர்தான்." "இந்தா, அம்மாகிட்டக் கொடுக்கிறேன்." அவ்வளவுதான். இருபத்தைந்து வருடம் கிள்ளான் துறைமுகத்துக்கு லோரி ஓட்டிய மனுஷர். லோரியில் ஏறினால் நாள் முழுக்கத் தனியாகவே இருந்து பழகியவர். நீயோ புத்தகத்தோடு வளர்ந்தவன். உங்கள் இருவருக்கும் நடுவில் கோபம் எதுவும் இல்லை, பேசத்தான் ஒன்றும் இல்லை. ஒரே வீட்டில் இரண்டு பேர் இப்படி வாயை மூடிக்கொண்டே அன்பாக இருக்க முடியும் என்பதைக் உங்களிடம்தான் நான் பார்த்தேன்.

அப்புறம்தான் அந்த வீடியோ வந்தது. ஒளியைவிட வேகமாகப் போகும் விண்கலத்துக்கு விஞ்ஞானிகள் வழி கண்டுபிடித்துவிட்டார்கள் என்று யாரோ ஒருவர் பின்னணி இசையோடு சொல்கிற வீடியோ. அப்பா அதை மூன்று நான்கு தடவை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ கூப்பிட்டபோது, வழக்கம்போல் போனை என்னிடம் நீட்டாமல், "டேய், ஒரு விஷயம் கேக்கணும். லைட்டைவிட வேகமா போக முடியுமாமே, நெசமா?" என்றார். நீ சிரித்தாய். "முடியாதுப்பா" என்றாய். "ஏன் முடியாது?" என்றார். அன்று நீங்கள் பேசி முடிக்கும்போது நான் சமைத்தே முடித்துவிட்டேன். போனை வைத்தபோது அவர் காது சிவந்திருந்தது. "வாத்தியார் மாதிரி பேசறான்" என்றார் என்னிடம். குற்றமாகச் சொல்லவில்லை.

அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் இதே பேச்சு. போன் ஸ்பீக்கரில் இருக்கும். நான் பயிற்றங்காய் நறுக்கிக்கொண்டோ துணி மடித்துக்கொண்டோ கேட்டுக்கொண்டிருப்பேன். உனக்கு நினைவிருக்கும். "ஹைவேல நூறுல போறேன், ஹெட்லைட்டைப் போடறேன். அப்ப அந்த வெளிச்சம் நூறு கூடுதலாத்தானே போகணும்?" என்று கேட்டார். இல்லை, லோரிக்குள் இருக்கிறவர் அளந்தாலும் ரோட்டோரம் நிற்கிறவன் அளந்தாலும் வெளிச்சத்தின் வேகம் ஒன்றுதான் என்றாய் நீ. "அப்ப என் லோரி போன வேகம் எங்கடா போச்சு?" "எங்கயும் போகலப்பா. நேரமும் தூரமும்தான் அதுக்குத் தகுந்த மாதிரி மாறிக்குது." அப்பா என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். பிறகு அடுத்த வாரத்துக்கு வேறொரு கேள்வியைத் தேடிக்கொண்டு வந்தார். சத்தத்தைவிட வேகமாக விமானம் போகாது என்று முன்பு சொன்னவர்கள் இல்லையா என்றார். அது இயந்திரத்தின் குறை, துப்பாக்கிக் குண்டு அதற்கு முன்பே சத்தத்தைத் தாண்டித்தான் போய்க்கொண்டிருந்தது என்றாய். ஒளியின் கதை அப்படியில்லை. எடையுள்ள ஒரு பொருள் அந்த வேகத்தை நெருங்க நெருங்க, இன்னும் கொஞ்சம் தள்ளுவதற்கு இன்னும் இன்னும் அதிகச் சக்தி கேட்கும், தொடுவதற்கு எவ்வளவு கொடுத்தாலும் போதாது என்றாய். "எண்ணெய் பத்தாதுங்கிற" என்றார். "உலகத்துல இருக்கிற எண்ணெய் எல்லாத்தையும் ஊத்தினாலும் பத்தாதுப்பா."

அவர் விடவில்லை. அந்த வீடியோவில் சொன்னது கப்பல் ஓடுவதைப் பற்றியே இல்லை, முன்னால் இருக்கும் இடத்தைச் சுருக்கிப் பின்னால் இருக்கும் இடத்தை விரிப்பதைப் பற்றி என்று ஒரு ஞாயிறு கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். "ரோட்டையே மடக்கிடறாங்கடா. லோரி நின்ன எடத்துலயே நிக்குது." கணக்கு அதைத் தடுக்கவில்லை என்று ஒத்துக்கொண்டாய். ஆனால் அதற்கு வேண்டியது நமக்குத் தெரிந்த சக்திக்கே நேர் எதிரான ஒன்று, அந்த அளவில் அப்படி ஒன்றை யாரும் கண்டதில்லை, உண்டாக்கவும் தெரியாது என்றாய். "கணக்கு தடுக்கலன்னா, முடியும்னு அர்த்தம் இல்லப்பா. நமக்குத் தெரிஞ்ச வரைக்கும் வழி இல்ல." அப்பா, "தெரிஞ்ச வரைக்கும், தெரிஞ்ச வரைக்கும்" என்று உன்னைப் போலவே பேசிக் காட்டினார். ஆனால் அன்று மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டார்.

இன்னொரு ஞாயிறையும் உனக்கு நினைவுபடுத்த வேண்டும். ஒளியைவிட வேகமாக ஒரு சேதியை அனுப்ப முடிந்தால், அதை வைத்துக் கடந்த காலத்துக்கே சேதி அனுப்பிவிடலாம், கேள்வி கேட்பதற்கு முன்பே பதில் வந்து சேரும், அதனால்தான் பெரும்பாலானவர்கள் இது முடியாது என்று நினைக்கிறார்கள் என்று சொன்னாய். அப்பா ரொம்ப நேரம் பேசவே இல்லை. லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து நீ "ஹலோ, ஹலோ" என்றாய். அப்போது அவர் கேட்டார்: "அப்ப நடந்துபோனதை நிறுத்திடலாமா?" நீ சிரித்துக்கொண்டே, "அது முடியக்கூடாதுன்றதாலதான்பா இதுவும் முடியாதுன்னு சொல்றோம்" என்றாய். அப்பா வயதான காலத்தில் விண்வெளிப் பைத்தியம் பிடித்து அலைகிறார் என்று நீ நினைத்தாய். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் நினைத்தேன். அன்றுதான் எனக்கு உறைத்தது. உனக்கு அது தெரிய வழியில்லை. நாங்கள் யாரும் உனக்கு முழுதாகச் சொன்னதில்லை.

காஜாங்கில் இருக்கும் உன் சித்தப்பாவுக்கு ஒரு கால் இல்லை என்பது உனக்குத் தெரியும். விபத்தில் போனது என்பதும் தெரியும். லோரியை ஓட்டியது உன் அப்பா என்பது தெரியாது. சித்தப்பாதான் அப்போது அந்த லோரியில் உதவிக்குப் போய்க்கொண்டிருந்தார். கப்பலுக்குச் சரக்கு ஏற்றுவதை நிறுத்துவதற்குள் துறைமுகத்துக்குப் போய்விட வேண்டும் என்று அப்பா விரட்டிக்கொண்டு வந்தார். ரோடு நனைந்திருந்தது. "அண்ணே, மெதுவா போங்கண்ணே" என்று அவர் சொல்லியிருக்கிறார். அப்பா கேட்கவில்லை. அப்பாவுக்குக் கையில் சிராய்ப்பு மட்டும்தான். ஆஸ்பத்திரியில் உன் தாத்தா அப்பாவைக் கட்டிலுக்குப் பக்கத்தில்கூட விடவில்லை. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒரே பாயில் படுத்து வளர்ந்த அண்ணன் தம்பி, அதற்குப் பிறகு பேசிக்கொள்ளவே இல்லை. நீ அப்போது என் வயிற்றில் இருந்தாய். அப்பாவின் காரில் போகும்போது "ஏன்பா இவ்ளோ மெதுவா ஓட்டுறீங்க?" என்று நீ சின்ன வயதில் எத்தனை தடவை கேட்டிருக்கிறாய். உன்னிடம் அவர் ஒளியைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் அந்த விபத்தை நிறுத்த முடியுமா என்றுதான் கேட்டார். நீ இல்லை என்றாய். அவர் மறுபடி கேட்டார்.

வயிற்று வலி வந்து, ஸ்கேன் எடுத்து, கணையத்தில் கட்டி என்று தெரிந்த நாளில் டாக்டரிடம் முதலில் பேசியது பெரிய மாமாதான். என்னையும் அப்பாவையும் வெளியே உட்காரவைத்துவிட்டு அவர் உள்ளே போனார். திரும்பி வந்து என்னை மட்டும் கேன்டீனுக்கு அழைத்துக்கொண்டு போனார். "தங்கச்சி, ஈரலுக்கும் பரவிருச்சு. மாப்பிள்ளைகிட்டச் சொல்ல வேண்டாம். பயந்தே போயிடுவாரு. குடல்ல புண்ணுன்னு சொல்லிருவோம்" என்றார். மாமா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அண்ணனாக, என் குடும்பத்துக்குப் பெரியவராக நின்று, தனக்குச் சரி என்று பட்டதைச் செய்தார். நான் தலையாட்டினேன். உனக்குப் போன் பண்ணி, அப்பா கேட்டால் புண் என்றே சொல் என்று நான்தான் சொன்னேன். "அவர் என்னை நேராவே கேட்டா என்னம்மா செய்யறது?" என்றாய். கேட்க மாட்டார் என்றேன்.

கேட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமையை நீ உன் பக்கத்திலிருந்துதான் பார்த்தாய். நான் இந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். அவர் சோபாவில் சாய்ந்திருந்தார், மடியில் தலையணை, வலி இருந்தால் அதை வயிற்றோடு அழுத்திக்கொள்வார். வழக்கம்போல் ஏதோ கேட்டார், நீ வழக்கம்போல் முடியாது என்றாய். அப்போது அவர் சொன்னார்: "எத்தனை மாசமா கேட்டுக்கிட்டு இருக்கேன். ஒரு நாளாச்சும் எனக்காக 'இருக்கலாம்பா'ன்னு சொன்னியா? இல்ல. இங்க எல்லாரும் நான் எதைக் கேட்டாலும் ஆமா ஆமாங்கிறாங்க. உங்கம்மாவும்தான். அதான் உன்னைக் கேக்கறேன். எனக்கு இருக்கறது புண்ணா, கேன்சரா?" நான் காய் நறுக்கிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே போட்டுவிட்டு, "முகிலா" என்றேன். அது உன் காதில் விழுந்திருக்கும். அதற்கு என்ன அர்த்தம் என்பதும் உனக்குத் தெரிந்திருக்கும்.

"கேன்சர்ப்பா" என்றாய்.

"முத்திருச்சா?"

"ஈரல் வரைக்கும் போயிருச்சுப்பா."

"சரி பண்ண முடியுமா?"

நீ அழுதுகொண்டிருந்தாய், குரலில் தெரிந்தது. "முடியாதுப்பா. இப்போதைக்குத் தெரிஞ்ச வரைக்கும் வழி இல்ல."

அவர் போனை அணைத்தார். சாவியை எடுத்துக்கொண்டு போய் வாசலில் நின்ற காருக்குள் உட்கார்ந்துகொண்டார். எஞ்சினைக்கூடப் போடவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நான் போய்க் கண்ணாடியைத் தட்டினேன். திறக்கவில்லை. சட்டை முழுக்க நனைந்த பிறகுதான் இறங்கி வந்தார்.

அதற்குப் பிறகு அவர் அமைதியானார், எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டார் என்று நான் எழுதினால் நீ சந்தோஷப்படுவாய். அப்படி நடக்கவில்லை. பயந்தார். அவ்வளவு பெரிய உடம்பு, சின்னப் பிள்ளை மாதிரி பயந்தது. நான் குளிக்கப் போனால்கூடக் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். ஒரு நாள் கஞ்சித் தட்டைச் சுவரில் எறிந்தார். கும்பிடச் சொன்னதற்குச் சாமி படத்தைத் திருப்பி வைத்தார். "நீயும்தானேடி மறைச்சே" என்று என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை. மாத்திரைகளைச் சில நாள் எடுத்தார், சில நாள் எடுக்கவில்லை. சொல்லாமல் இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பார் என்று மாமா சொல்கிறார். பிறகு டாக்டரிடம் நானே கேட்டேன். நோய் அதன் வழியில் போய்க்கொண்டுதான் இருந்தது, கொஞ்ச நாள் கூடியிருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். கூடியிருக்கலாம். அதை உன்னிடம் மறைக்கப் போவதில்லை.

ஒரு நாள் காலையில் முகம் மழித்துக்கொண்டு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்து, "காஜாங் போகணும்" என்றார். யாரையாவது ஓட்டச் சொல்லலாம் என்றேன். கேட்கவில்லை. அவரே ஓட்டினார். வழியில் வலி தாங்காமல் ஹைவே ஓரத்தில் நிறுத்தி, ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டார். லோரிகள் எங்களை ஒட்டிப் போகும்போதெல்லாம் கார் ஆடியது. திரும்பிவிடலாம் என்றேன். கையை மட்டும் அசைத்தார். மறுபடி ஓட்டினார்.

சித்தப்பாவின் வீடு ஒரு பழைய அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில். இரும்புக் கம்பிக் கதவு பூட்டியிருந்தது. நாங்கள் கூப்பிட்டதும் அவர் உள்ளேயிருந்து கட்டைக்காலோடு மெல்ல நடந்து வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. எங்களைப் பார்த்ததும் கம்பிக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டார்.

"என்ன விஷயமா வந்தீங்க?"

"சும்மாதான். பாக்கலாம்னு" என்றார் அப்பா.

"பாத்தாச்சுல்ல."

அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டார். நிற்க முடியாமல் பிடித்தாரா என்று தெரியவில்லை. "தம்பி, அன்னிக்கு மெதுவா போகச் சொன்னே. நான் கேக்கல."

"தெரியும்ணே. சொன்னவனே நான்தானே."

எனக்குத் தலை குனிந்துவிட்டது. சித்தப்பா அப்போதுதான் அப்பாவை மேலிருந்து கீழே பார்த்தார். சட்டை அப்பா உடம்பில் தொங்கிக்கொண்டிருந்தது. "உடம்புக்கு என்ன?" என்றார். "கேன்சர்டா. இனி ஒண்ணும் பண்றதுக்கில்ல." சித்தப்பா உள்ளே போனார். சாவி எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். அப்பாவும் அப்படித்தான் நினைத்தார், கம்பியிலிருந்து கையை எடுத்துக்கொண்டு விலகி நின்றார். சித்தப்பா ஒரு தண்ணீர் போத்தலோடு வந்து, கம்பி இடைவெளி வழியாக அதை நீட்டினார். "வெயிலா இருக்கு. குடிங்க. வீடு கிடக்கிற கெடப்புல உள்ளார கூப்பிட முடியாது" என்றார். அப்பா வாங்கி, நின்றபடியே குடித்தார். பாதி போத்தலை என்னிடம் கொடுத்தார். "வர்றேன்டா" என்றார். சித்தப்பா தலையை மட்டும் ஆட்டினார்.

காரில் வெகுதூரம் வந்த பிறகு அப்பா பேசினார். "தொறக்கல பாத்தியா." நான் ஏதோ சமாதானம் சொல்லப் போனேன். "இல்ல, நானா இருந்தாலும் தொறந்திருக்க மாட்டேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "பையன் சொல்லாம இருந்திருந்தா நான் வந்திருக்க மாட்டேன்ல? சாவேன்னு தெரியாம, அடுத்த மாசம் போலாம், தீபாவளிக்குப் போலாம்னே இருந்திருப்பேன்" என்றார். அழவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நீ உண்மையைச் சொன்னதைப் பற்றி அவர் என்னிடம் சொன்னது இது ஒன்றுதான். அந்தப் பயணத்தால் ஒன்றும் சரியாகவில்லை. சித்தப்பா அப்பாவின் சாவுக்கும் வரவில்லை. ஆனால் உன் அப்பா போனார். போக முடிந்தது.

பெரிய மாமாவுக்கு இது தெரியாது. இப்போதுதான் படிக்கிறார்.

முகிலா, நீ செய்ததில் எனக்குக் குறையே இல்லை என்று நினைக்காதே. இரண்டு இருக்கிறது, இரண்டையும் சொல்லிவிடுகிறேன். நீ உண்மையைச் சொன்னது தப்பில்லை. சொன்ன பிறகு, அடுத்த ஞாயிறு நீ கூப்பிடவில்லை. அப்பா காலையிலிருந்து போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சார்ஜ் இருக்கிறதா என்று என்னிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். மத்தியானம் ஆனதும், "பயந்துட்டான்" என்றார். மாமா எழுதியதைப் படித்துவிட்டு நீ நொறுங்கிப் போயிருந்தாய் என்று பிறகுதான் தெரிந்தது. ஆனால் ஒருவரிடம் அப்படி ஒன்றைச் சொன்னால், அதற்குப் பிறகு நீ அங்கேயே இருக்க வேண்டும். பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் லைனில் இருக்க வேண்டும். உனக்கும் நாளைக்குப் பிள்ளைகள் வரும், அவர்களிடமும் கடினமானதைச் சொல்ல வேண்டியிருக்கும். சொல்லிவிட்டு எழுந்து போய்விடாதே.

இரண்டாவது, அதற்கு அடுத்த ஞாயிறு நடந்தது. அப்பாவே உன்னைக் கூப்பிட்டார். குரல் மெலிந்து போயிருந்தது. நோயைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "அந்த ரோடு மடக்கற விஷயம் என்னடா ஆச்சு?" என்றார். நீ கொஞ்சம் தயங்கினாய். பிறகு, "முடியும்பா. ஒரு நாள் கண்டிப்பா முடியும். இப்பகூட நெறைய பேர் அதைத்தான் பண்ணிக்கிட்டிருக்காங்க" என்றாய். "அப்படியா" என்றார். "ஆமாப்பா" என்றாய். அவர் வேறொன்றும் கேட்கவில்லை. சாப்பிட்டியா என்றார், குளிரா என்றார், போனை என்னிடம் கொடுத்துவிட்டார்.

நீ அன்று என்னிடம், "அப்பா கொஞ்சம் சந்தோஷமா இருந்த மாதிரி இருந்துச்சும்மா" என்றாய். நான் ஆமாம் என்றேன். போனை வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தபோது அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். "அவனும் எனக்காகப் பேச ஆரம்பிச்சுட்டான்" என்றார். அதற்குப் பிறகு உன்னிடம் ஒளியைப் பற்றி அவர் கேட்கவே இல்லை, நீ கவனித்திருப்பாய். களைப்பு என்று நினைத்திருப்பாய். இதைச் சொன்னால் உனக்கு எவ்வளவு வலிக்கும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். பொய் சொல்லியிருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாயே. சொன்னாய். ஒரு தடவை சொன்னாய், அது இப்படித்தான் போனது. மிச்சமிருந்த நாட்களில் அவருக்கு எதையும் நேராகச் சொல்ல இந்த வீட்டிலும் ஆள் இல்லை, அந்தப் பக்கமும் ஆள் இல்லை என்று ஆகிவிட்டது. உன்னை அந்த நிலைமைக்குத் தள்ளியதில் மாமாவுக்கும் எனக்கும் அந்தக் கைகூப்பும் படங்களுக்கும் பங்கு இருக்கிறது.

நீ வந்து இறங்குவதற்குள் தகனம் முடிந்துவிட்டது. காத்திருக்கலாம் என்று நான் கேட்டேன், கெஞ்சிக் கேட்கவில்லை. சாம்பலைக் கரைக்கப் படகில் போனபோது மாமா உன்னைப் பார்த்து, "இப்ப திருப்தியா?" என்றார். எல்லாரும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நீ கைகளைக் கழுவிக்கொண்டே இருந்தாய். அங்கே நான் என் அண்ணனுக்கு ஒரு பதில் சொல்லியிருக்க வேண்டும். அதைத்தான் இப்போது எல்லார் முன்னிலையிலும் சொல்கிறேன்: அண்ணே, என் புருஷனை என் மகன் கொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னான். நாம்தான் ஒருவருமே சொல்லவில்லை.

திதிக்கு வருவதும் வராததும் உன் விருப்பம். வந்தால் மாமாவும் இருப்பார். ஏதாவது சொல்வார், அவரால் சொல்லாமல் இருக்க முடியாது. நீ பதில் பேச வேண்டாம். இந்தத் தடவை நான் பேசுவேன். வரமுடியாது என்றால், அங்கேயே குளித்துவிட்டு ஒரு வேளை சைவமாகச் சாப்பிடு, போதும். உன் வேலையை விடாதே. முடியாததை ஏன் முடியாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலை அது. அதைக் கேட்கத்தான் ஒரு மனுஷர் ஞாயிற்றுக்கிழமைகளுக்காகக் காத்திருந்தார்.

இன்னொன்று இருக்கிறது. இதை எழுத உட்கார்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். போன மாதம் குளிக்கும்போது என் மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. டாக்டரிடம் காட்டினேன். ஊசி போட்டுச் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம், இருக்கவும் செய்யலாம். இன்று யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எனக்குப் பயமாக இருக்கிறது. உன் அப்பா அன்று காருக்குள் ஏன் போய் உட்கார்ந்தார் என்று இப்போது புரிகிறது.

இதைப் படிக்கும் எல்லாருக்கும் சொல்கிறேன். யாரும் எனக்கு முன்னால் போய் டாக்டரைத் தனியாகப் பார்க்க வேண்டாம். நான் வெளியே உட்காரப் போவதில்லை. முடிவைக் கேட்கச் செவ்வாய்க்கிழமை காலையில் நானே உள்ளே போவேன். முகிலா, உனக்கு அப்போது திங்கட்கிழமை சாயங்காலமாக இருக்கும். டாக்டரிடம் அனுமதி கேட்டுவிட்டேன். போனை ஸ்பீக்கரில் போட்டு அவர் மேசைமேல் வைத்துவிடுவேன். அவர் ஆங்கிலத்தில் வேகமாகப் பேசுவார், எனக்குப் பாதி புரியாது. நீ கேட்டு, அவர் சொன்னதைச் சொன்னபடியே எனக்குச் சொல். தெரியாது என்று அவர் சொன்னால் தெரியாது என்றே சொல். அதற்குப் பிறகு நான் பேசாமல் இருந்தாலும் நீ போனை வைக்காதே. நான் ஆஸ்பத்திரியிலிருந்து நடந்து வெளியே வந்து, பஸ் பிடித்து, வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே வரும்வரை லைனில் இரு.

உன்
அம்மா